மூன்று நாளில் 65 கிலோமீட்டரா? கார்ன்வால் கடலோர நடை பற்றி

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்களுக்கு 56 வயது, உங்கள் மனைவிக்கு 51. செப்டம்பரில் லண்டனில் இருக்கும் மகள் வீட்டுக்கு வருகிறீர்கள். இருவருமே தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடப்பவர்கள். இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில், கார்ன்வாலில், செயின்ட் ஐவ்ஸிலிருந்து பென்சான்ஸ் வரை கடலோரப் பாதை சுமார் 65 கிலோமீட்டர். அதை மூன்று நாளில் நடந்து, வழியில் இருக்கும் பழைய சுரங்கச் சிதைவுகளையும் கோட்டைகளையும் பார்த்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: "மனைவிக்கு உயரம் என்றால் கொஞ்சம் பயம், முழங்காலும் அவ்வளவு சரியில்லை." எனக்கு அந்தக் கடைசி வரிதான் கேள்வியாகப் படுகிறது. மற்றதெல்லாம் கூட்டல் கழித்தல்.

நான் இங்கே வந்து 19 வருடம் ஆகிறது. அதில் 11 வருடமாக எங்கள் ஊர் நடைக்குழுவை வார இறுதிகளில் அழைத்துப் போகிறேன். இந்த மேற்குக் கோடியை மட்டும் என் வீட்டுக்காரரோடு ஆறு தடவை நடந்திருக்கிறேன். மருத்துவம் எனக்குத் தெரியாது. முழங்காலைப் பற்றி நான் சொல்வதெல்லாம் நடப்பவளின் அனுபவம்தான், டாக்டர் சொல்வதற்கு மேல் அதை வைக்காதீர்கள்.

முதலில் கிலோமீட்டர். நீங்கள் பார்க்கப்போவது தென்மேற்குக் கடலோரப் பாதையின் ஒரு துண்டு. முழுப் பாதை மைன்ஹெட்டில் தொடங்கி பூல் துறைமுகத்தின் வாயில் முடிகிறது, 1,014 கிலோமீட்டர். அதில் ஏறும் ஏற்றத்தையெல்லாம் கூட்டினால் ஏறக்குறைய நான்கு எவரெஸ்ட் என்பார்கள். கடலோரம் என்றதும் நமக்கு மணலும் சமதரையும்தான் மனதில் வரும். இங்கே அப்படியில்லை. ஓடைகள் கடலில் விழும் இடமெல்லாம் நிலம் பள்ளமாக வெட்டப்பட்டிருக்கும். கடல் மட்டம் வரை இறங்கி, ஓடையைத் தாண்டி, மறுபடி மேலே ஏற வேண்டும். மூச்சு வாங்கி நிமிர்ந்தால் அடுத்த பள்ளம் தெரியும்.

மலை நடைக்கு நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-ல் ஒரு கணக்குச் சொன்னார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். செயின்ட் ஐவ்ஸிலிருந்து ஜெனார் கிராமம் பத்தரை கிலோமீட்டர் சொச்சம். இந்தக் கணக்குப்படி மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். முதல் தடவை என் வீட்டுக்காரர் இதை ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஐந்தே முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்தப் பாதையில் பாதி தூரம் கருங்கல் பாறைகளுக்கு மேல் கால் வைத்து கால் எடுத்துப் போவது, இடையிடையே கணுக்கால் வரை சேறு. நெய்ஸ்மித் கணக்கில் பாறைக்கும் சேற்றுக்கும் இடமில்லை. என் வீட்டுக்காரர் முன்னால் வேகமாகப் போவார், ஒரு பாறையில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருப்பார். நான் போய்ச் சேர்ந்த உடனே "போகலாமா?" என்று எழுந்துவிடுவார். அவருக்கு ஓய்வு கிடைத்துவிட்டது, எனக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. ஜெனாரில் பஸ்ஸும் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒன்றரை மணி நேரம் நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: பாதையில் மெதுவாக நடப்பவர் முன்னால், வேகமாக நடப்பவர் பின்னால். நான் அழைத்துப் போகும் குழுவிலும் இப்போது அதுதான். நம் ஊர்ப் பழக்கத்தில் கணவர் பத்தடி முன்னால் போவார். அந்தப் பத்தடியைச் செயின்ட் ஐவ்ஸ் ஸ்டேஷனிலேயே விட்டுவிடுங்கள்.

ஆகவே மூன்று நாளில் 65 கிலோமீட்டர் வேண்டாம். முடியாது என்று சொல்லவில்லை. உடம்பு பழகிய ஆட்கள் நடக்கிறார்கள். ஆனால் அவர்கள் சிதைவுகளைப் பார்ப்பதில்லை, கடந்து போகிறார்கள். உங்கள் இடத்தில் நானாக இருந்தால் ஐந்து நாள் எடுத்துக்கொண்டு மொத்தம் 35 கிலோமீட்டர்தான் நடப்பேன். முக்கியமாக, ஜெனாரிலிருந்து பென்டீன் வரை உள்ள பகுதியையும், போர்த்கர்னோவிலிருந்து லமோர்னா வரை உள்ள பகுதியையும் விட்டுவிடுவேன். முதலாவது நீளமானது, கரடுமுரடு, மழை பெய்திருந்தால் சகதி. இரண்டாவதில் செயின்ட் லாய் என்ற இடத்தில் கடற்கரையில் கிடக்கும் உருண்டைப் பாறைகள் மேலேயே நடந்து போக வேண்டும், சரியில்லாத முழங்காலுக்கு அதைவிடக் கெட்ட தரை கிடையாது. இரண்டும் அழகான இடங்கள்தான். விடுவதில் எனக்கும் வருத்தம் உண்டு.

தங்குவதற்கு முதல் இரண்டு இரவு செயின்ட் ஐவ்ஸ், அடுத்த மூன்று இரவு செயின்ட் ஜஸ்ட் என்று வைத்துக்கொள்ளலாம். தினமும் ஓர் இடத்துக்கு மாறிக்கொண்டே இருந்தால் பெட்டி ஒரு தொல்லை. அதை அடுத்த விடுதிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் ஓரிடத்தில் தங்கி பஸ்ஸில் போய்வந்தால் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. காலையில் முழங்கால் வலித்தால் அன்றைக்கு நடக்காமல் இருக்கலாம், எந்த விடுதிப் பணமும் போகாது. பஸ் விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை. கோடை அட்டவணை முடிந்ததும் வண்டிகள் குறைந்துவிடும். நீங்கள் போகும் வாரத்துக்கான நேரத்தைக் கிளம்புவதற்கு முதல் நாள் பார்த்துக்கொள்ளுங்கள், போன வருடத்து அட்டவணையை நம்பாதீர்கள்.

முதல் நாள் செயின்ட் ஐவ்ஸ் - ஜெனார், ஆனால் முழுப் பகலையும் அதற்குக் கொடுங்கள். ஜெனார் வரும்வரை கடை கிடையாது, தண்ணீரும் சாப்பாடும் கையில் இருக்க வேண்டும். ஊரின் சின்ன தேவாலயத்தில் கடற்கன்னி உருவம் செதுக்கிய பழைய மர இருக்கை ஒன்று இருக்கிறது, போய்ப் பாருங்கள். அடுத்த நாள் நடை வேண்டாம். கால் ஆறட்டும்.

மூன்றாம் நாளுக்காகத்தான் இந்தப் பயணமே. பென்டீன் கலங்கரை விளக்கத்திலிருந்து கேப் கார்ன்வால் வரை, 8 கிலோமீட்டருக்குள். தூரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், காலை ஒன்பதுக்குத் தொடங்கினால் சாயங்காலம் ஆகிவிடும். வழி நெடுக தகரச் சுரங்கங்கள், செம்புச் சுரங்கங்கள். கார்ன்வால் - மேற்கு டெவன் சுரங்க நிலப்பரப்பு 2006-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, அதில் இந்தக் கரையும் அடக்கம். முதலில் கீவர் வரும். 1990 வரை வேலை நடந்த சுரங்கம், இப்போது அருங்காட்சியகம். பக்கத்திலேயே லெவன்ட். இங்கே சுரங்கத்துக்குள் ஏறி இறங்க ஓர் இயந்திரம் வைத்திருந்தார்கள். நீளமான ஒரு தண்டு மேலும் கீழும் அசைந்துகொண்டே இருக்கும், அதில் படிகள். தண்டு மேலே வந்ததும் ஆள் பக்கத்துத் திட்டில் கால் வைப்பார், அது கீழே போய்த் திரும்பி வரும்போது அடுத்த படியில் ஏறிக்கொள்வார். 1919 அக்டோபர் 20 அன்று, வேலை முடிந்து ஆட்கள் நிறைய மேலே வந்துகொண்டிருந்த நேரத்தில், தண்டை மேலே பிணைத்திருந்த இரும்பு உடைந்தது. 31 பேர் செத்தார்கள். நிற்கும் சுவர்களைப் பார்க்கும் முன் இதைத் தெரிந்துகொண்டு போனால், அவை வெறும் படம் எடுக்கும் இடமாகத் தெரியாது.

அப்புறம் பொட்டாலக். குன்றின் அடிவாரத்தில், அலை தெறிக்கும் தூரத்தில், ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு எஞ்சின் ஹவுஸ்கள் நிற்கும். நீங்கள் பார்த்திருக்கும் கார்ன்வால் படங்களில் பாதி இதுவாகத்தான் இருக்கும். நிறைய பேர் இதைக் கோட்டை என்று நினைத்துக்கொள்கிறார்கள். நீராவி எஞ்சின் இருந்த வீடு இது. சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை வெளியே இறைக்கவும், தாதுவை மேலே இழுக்கவும் எஞ்சின் தேவைப்பட்டது. எஞ்சினின் பெரிய இரும்பு நெம்புகோல் ஒரு பக்கச் சுவரின் மேல் உட்கார்ந்து ஏற்றம்போல ஆடும். அத்தனை பாரத்தையும் தாங்க அந்த ஒரு சுவரை மட்டும் மற்ற மூன்றைவிடக் கனமாகக் கட்டினார்கள். கூரை போய், மரம் போய், இயந்திரத்தைப் பழைய இரும்புக்கு விற்ற பிறகும் சுவர்கள் விழாமல் நிற்பதற்கு இந்தக் கட்டுமானமும் ஒரு காரணம். அடுத்த தடவை ஓர் எஞ்சின் ஹவுஸைக் கண்டால் எது கனமான சுவர் என்று தேடிப் பாருங்கள், தண்ணீர் இறைத்த எஞ்சின் என்றால் சுரங்கக்குழி எந்தப் பக்கம் இருந்தது என்று புரிந்துவிடும். பொட்டாலக்கின் சுரங்கங்கள் கடலுக்கு அடியில் அரை மைல் போல நீண்டிருந்தன. புயல் நாட்களில் தலைக்கு மேல் கடல் தரையில் பாறைகள் உருளும் சத்தம் உள்ளே கேட்குமாம்.

நமக்கு இந்த இடத்தோடு ஓர் உறவும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் இங்கே செம்பும் தகரமும் விலை விழுந்து சுரங்கங்கள் மூடியபோது, வேலை தெரிந்த கார்ன்வால்காரர்கள் உலகம் முழுக்கப் போனார்கள். 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி கோலார் தங்கவயலை நடத்த வந்தபோது இவர்களில் பலர் அங்கேயும் வந்தார்கள். அவர்களுக்குக் கீழே குழியில் இறங்கியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். என் வீட்டுக்காரரின் தாத்தா அங்கே வேலை பார்த்தவர். பொட்டாலக்கில் என் வீட்டுக்காரர் எப்போதும் என்னைவிட அதிக நேரம் நிற்பார், நானும் "போகலாமா" என்று கேட்பதில்லை.

இந்தப் பகுதியில் பாதையை விட்டு ஓர் அடிகூட விலகாதீர்கள். புதருக்குள் பழைய சுரங்கக்குழிகள் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் வேலி கிடையாது. ஓடைத் தண்ணீரையும் குடிக்க வேண்டாம். பொட்டாலக்கில் தாதுவை வறுத்து ஆர்செனிக் எடுத்த உலையும், புகை படியக் கட்டிய வளைந்து வளைந்து போகும் அறைகளும் இன்னும் நிற்கின்றன. அந்த மண்ணில் நஞ்சு இருக்கிறது.

அன்றைய நடை கேப் கார்ன்வாலில் முடியும். முனையின் உச்சியில் தனியாக ஒரு புகைபோக்கி. சுரங்கம் போன பிறகும் கப்பல்களுக்கு அடையாளமாக அதை விட்டுவைத்தார்கள். தக்காளி கெட்சப் விற்கும் ஹெயின்ஸ் நிறுவனம் இந்த முனையை வாங்கி 1987-ல் தேசத்துக்குக் கொடுத்தது. கால் தெம்பாக இருந்தால் இன்னும் ஒரு கிலோமீட்டர் போல தெற்கே போனால் பாலோவால் பேரோ என்ற வெண்கலக் காலக் கல்லறை வரும். சுரங்கக் கழிவுக்கு அடியில் புதைந்து கிடந்த இதை 1878-ல் போர்லேஸ் என்பவர் தோண்டி வெளியே கொண்டுவந்தார். தோண்டியவர் பார்வையாளர்கள் சுற்றி வர வசதியாகத் தானும் சுவர் கட்டிவிட்டார். இன்றைக்குப் போய் நிற்பவருக்கு எது மூவாயிரத்துச் சொச்சம் வருடத்துச் சுவர், எது விக்டோரியா காலத்துச் சுவர் என்று கண்ணால் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

இதைச் சொல்லக் காரணம், இந்தக் கரை முழுக்கக் கதையும் வரலாறும் பின்னிக் கிடக்கின்றன. நீங்கள் டின்டாஜெல் கோட்டையையும் சேர்க்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள், "ஆர்தர் ராஜா பிறந்த கோட்டை" என்று. இப்போது நிற்கும் கோட்டையை 1230-களில் கட்டியவர் கார்ன்வால் பிரபு ரிச்சர்ட், இது உறுதி. அதற்கு எழுநூறு, எண்ணூறு வருடம் முன்பே அங்கே வசதியான ஆட்கள் வாழ்ந்தார்கள், கிழக்கு மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்த ஜாடித் துண்டுகள் கிடைத்திருக்கின்றன, இதுவும் உறுதி. ஆர்தர் அங்கே கருவானார் என்பது 1130-களில் மான்மத் ஊர் ஜெஃப்ரி என்ற நூலாசிரியர் எழுதியது, அதற்கு மண்ணுக்கு அடியில் ஆதாரம் எதுவும் இல்லை. பினீசிய வணிகர்கள், அதாவது இன்றைய லெபனான் பக்கத்துப் பழங்காலக் கடலோடிகள், தகரம் வாங்க இந்தக் கரைக்கு வந்து போனார்கள் என்று ஏதாவது ஒரு டீக்கடையில் சொல்வார்கள். கார்ன்வால் தகரம் பழங்காலத்திலேயே தூர தேசங்களுக்குப் போயிருக்கிறது. ஆனால் பினீசியர்களே கப்பலில் வந்து இறங்கியதற்கு நல்ல சான்று கிடையாது. எப்படியும் டின்டாஜெல் இந்தப் பயணத்தில் சேராது. பென்சான்ஸிலிருந்து நூறு கிலோமீட்டர் போல வடகிழக்கே, ரயிலும் இல்லை. உயரப் பயம் உள்ளவர்களுக்கு இன்னொரு விஷயம்: 2019-ல் திறந்த நடைபாலம் இரண்டு கரையிலிருந்தும் நீண்டு வந்து நடுவில் சேராமல் நிற்கிறது, இடையில் 4 சென்டிமீட்டர் இடைவெளி, வேண்டுமென்றே விட்டது. என் தோழி ஒருத்தி அந்த இடைவெளி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டாள்.

நான்காம் நாள் சென்னன் கோவிலிருந்து போர்த்கர்னோ, 11 கிலோமீட்டருக்குள். சென்னனைத் தாண்டியதும் மேன் காசில் என்ற இரும்புக்கால அரண் வரும். பெயரைக் கேட்டுக் கோபுரம் எதிர்பார்க்காதீர்கள். கடலுக்குள் நீளும் ஒரு முனையின் கழுத்தை மண்ணாலும் கல்லாலும் அடைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மற்ற மூன்று பக்கமும் கடலே மதில். இங்கிலாந்தின் மேற்கு முனையான லேண்ட்ஸ் எண்டில் சுற்றுலா வளாகத்தைத் தவிர அதிகம் இல்லை, வேகமாகக் கடந்துவிடலாம். அதற்குத் தெற்கேதான் நல்ல நடை. போர்த்கர்னோ கடற்கரையிலிருந்து 1870-ல் கடலடித் தந்திக் கம்பி கிளம்பி, கட்டம் கட்டமாக பம்பாய் வரை இணைப்புக் கிடைத்தது. தந்தி அருங்காட்சியகம் அங்கேயே இருக்கிறது.

இப்போது உயரப் பயம். பாதை பெரும்பாலும் விளிம்பிலிருந்து தள்ளித்தான் போகும். சில இடங்களில் ஒற்றையடிப் பாதையாகக் குறுகி ஒரு பக்கம் சரிவாக இருக்கும். நான் சொன்ன திசையில் நடந்தால் கடல் எப்போதும் வலது பக்கம். உங்கள் மனைவிக்கு அது பிடிக்காத இடங்களில் கண் இடப்பக்கச் சரிவில் இருக்கட்டும், கையில் ஊன்றுகோல் இருக்கட்டும். பயத்தில் இருப்பவரைக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். "ஒண்ணுமில்ல, வா" என்ற வார்த்தையால் யாருக்கும் பயம் போய் நான் பார்த்ததில்லை. நின்று, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, போவதா திரும்புவதா என்று அவரே சொல்லட்டும். நிச்சயமாகத் தவிர்க்க வேண்டிய ஓர் இடம் உண்டு: போர்த்கர்னோவுக்கு மேலே மினாக் திறந்தவெளி அரங்கத்திலிருந்து கடற்கரைக்கு இறங்கும் செங்குத்தான கல் படிகள். உயரப் பயத்துக்கும் முழங்காலுக்கும் ஏறுவதைவிட இறங்குவதுதான் சோதனை. அரங்கத்து வாசலிலிருந்து சாலை வழியாகச் சுற்றி இறங்கினால் அதே இடத்துக்குத்தான் போவீர்கள்.

முழங்காலுக்கு என் அனுபவத்தில் உதவுவது இரண்டு ஊன்றுகோல், ஒன்று அல்ல. இறக்கத்தில் கோலைச் சற்று நீட்டி வைத்து, சின்னச் சின்ன அடியாக இறங்க வேண்டும். வருவதற்கு முன் ஆறு வாரமாவது மாடிப்படி பழகுங்கள், சமதரை நடை இதற்குத் தயார்ப்படுத்தாது. ஏற்கெனவே வீக்கம் இருந்தால் டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள்.

மற்றவை சுருக்கமாக. செப்டம்பர் நல்ல மாதம், கூட்டம் குறைவு, ஹெதர் என்ற புதர்ச்செடியின் கடைசிப் பூக்களும் இருக்கும். மாத நடுவில் சூரியன் ஏழரை வாக்கில் மறையும், மாதக் கடைசியில் ஏழுக்கே. தூறலும் மூடுபனியும் கலந்து வருவதை அங்கே மிஸில் என்பார்கள், அதற்கும் காற்றுக்கும் குடை தாங்காது, மழைக்கோட்டு வேண்டும். ஜீன்ஸ் நனைந்தால் காயாது. புதர்களில் உண்ணி இருக்கும், இரவில் காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். வைப்பர் வகைப் பாம்பு ஒன்று உண்டு, மிதிக்காத வரை அது பாட்டுக்குப் போய்விடும். பாதையின் அடையாளம் ஓக் மரத்துக் கொட்டை வடிவம். செல்போன் சிக்னல் பல பள்ளங்களில் கிடைக்காது, ஆகவே 25,000-க்கு ஒன்று அளவுள்ள காகித வரைபடம் ஒன்று கையில் இருக்கட்டும். ஆபத்து என்றால் 999 அல்லது 112, கோஸ்ட்கார்டு (கடலோர மீட்புப் பணியினர்) வேண்டும் என்று கேளுங்கள். சைவம் என்றால் சீஸும் வெங்காயமும் உள்ளே வைத்துச் சுட்ட பேஸ்டி என்ற மாவுப் பண்டம் பரவலாகக் கிடைக்கும், ஆறினாலும் நன்றாக இருக்கும்.

ஐந்தாம் நாளுக்கு மவுஸ்ஹோலிலிருந்து பென்சான்ஸ் வரை கடலை ஒட்டிய சமதரை, 5 கிலோமீட்டர். உங்கள் காலை நடை மாதிரிதான். தெம்பு மிச்சமிருந்து, தண்ணீர் வற்றும் நேரமும் அமைந்தால், பக்கத்து மராசியன் கரையிலிருந்து செயின்ட் மைக்கேல்ஸ் மவுண்ட் என்ற சின்னத் தீவுக்குக் கல் பாதையில் நடந்தே போகலாம். கடல் பெருகும் நேரத்தில் அந்தப் பாதை தண்ணீருக்குள் போய்விடும், வற்று நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

வரும்போது லண்டன் பேடிங்டனிலிருந்து ரயில், ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். செயின்ட் எர்த்தில் இறங்கி செயின்ட் ஐவ்ஸுக்கு வண்டி மாற வேண்டும். அந்தக் குட்டி ரயிலில் வலது பக்கம் ஜன்னலோரம் பிடியுங்கள், கடல் அந்தப் பக்கம்தான். ஒரே ஒரு ஜன்னலோர இடம்தான் கிடைத்தது என்றால் யாருக்குக் கொடுப்பது என்று உங்களுக்கே தெரியும்.